பாவியின் சாட்சி: அமெரிக்கக் கன்ட்ரி இசையில் கிறிஸ்தவ விசுவாசம்



கிறிஸ்தவ சமயத்தின் சங்கீதச் செல்வத்தைப் பற்றி நம் நாட்டு மேடைகளில் பேச வருவோர், ஜெர்மானியராகிய பாக் இயற்றிய திருப்பாடுகளின் இசைக்கோவைகளையோ, ஹேண்டலின் ‘மெசையா’வையோ, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையோ பொருளாக எடுத்துக்கொள்வதே பெரும்பான்மை வழக்கம். அவற்றின் மேன்மையை ஐயுறுவார் எவருமிலர். ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலே, பருத்திக் காட்டிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் நூலாலையிலும் உழைத்துக் களைத்த எளிய மக்கள், கித்தாரையும் மாண்டலினையும் துணைக்கொண்டு பாடி, மாவுக்கும் மருந்துக்குமான வானொலி விளம்பரங்களின் இடையே ஒலிபரப்பாகி, பின்னர் இசைத்தட்டுகளின் வாயிலாக உலகெங்கும் பரவிய கன்ட்ரி இசையின் பக்திப் பாடல்களுக்கும் அந்த வரிசையில் ஓர் ஆசனம் உண்டென்பது என் துணிபு. இசை நுணுக்கத்தைக் கருதி நான் அவ்வாறு சொல்லவில்லை. பரிசுத்தம் எய்திய ஞானியின் விசுவாசத்தைப் பாடும் பாடல்கள் எல்லாச் சமயங்களிலும் உண்டு. தன் பாவத்தினின்று இன்னும் விடுபடாதவன், விடுபடுவோம் என்ற உறுதியும் கைவரப்பெறாதவன், அந்நிலையில் நின்றபடியே பாடும் விசுவாசத்தை இத்துணை வெளிப்படையாக ஒலித்த இசை மிகச் சிலவே. அதுபற்றியே இப்பொருளை இன்று எடுத்துக்கொண்டேன்.

டென்னசி மாநிலத்துத் தலைநகராகிய நாஷ்வில்லில் தாமஸ் ரைமன் என்னும் படகு முதலாளி ஒருவர் இருந்தார். ஆற்றிலே நீராவிப் படகுகளைச் செலுத்திப் பொருளீட்டியவர். 1885-ஆம் ஆண்டில் சாம் ஜோன்ஸ் என்னும் மெதடிஸ்டு பிரசங்கியார் கூடாரமிட்டு நடத்திய எழுப்புதல் கூட்டத்திற்குச் சென்ற அவர், மனந்திரும்பியவராய் வெளிவந்து, அத்தகைய கூட்டங்கள் மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாமல் நடைபெறவேண்டுமென்று ஒரு பெரிய மண்டபத்தை எழுப்ப முனைந்தார். 1892-இல் திறக்கப்பெற்ற அந்த ‘யூனியன் காஸ்பல் டேபர்னகிள்’, 1904-இல் அவர் மறைந்தபின் அவர் பெயரையே பூண்டு ரைமன் மண்டபமாயிற்று. 1943 முதல் 1974 வரையில், சனிக்கிழமை இரவுகளில் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்னும் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சி நடைபெற்றது அந்த மண்டபத்திலேதான். குடியையும், கைவிட்டுச் சென்ற காதலியையும், இரவெல்லாம் விழித்துப் புலம்பும் ஆடவனையும் பாடிய பாடல்களை மக்கள் கேட்டது, ஆராதனைக்கென்று செய்யப்பட்ட அதே மரப்பலகை இருக்கைகளில் அமர்ந்துதான். அந்நிகழ்ச்சியின் நடுவிலே ஒரு பக்திப் பாடலுக்கு வேளை வரும்போது, பில் மன்றோவைப் போன்ற கலைஞர்கள் பிடிலையும் பான்ஜோவையும் ஒதுக்கிவைத்துவிட்டு, நால்வராய் ஒலிபெருக்கியின் முன் நெருங்கி நின்று, மாண்டலினும் கித்தாரும் மட்டும் துணைசெய்யப் பாடுவார்கள். சனிக்கிழமை இரவும் ஞாயிற்றுக்கிழமை காலையும் ஒரே மனிதனுடைய இரு வேளைகள் என்பதை அந்த மக்கள் எவரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

இவ்விசையின் மூலத்தைத் தேடிச் செல்வோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குச் செல்லவேண்டும். 1801-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கென்டக்கியில் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, நாட்கணக்காகத் தங்கி, பிரசங்கம் கேட்டு, அழுது, தரையில் விழுந்து, பாடி எழுந்த முகாம் கூட்டம் அந்நாட்டுச் சமய வரலாற்றில் பேரிடம் பெற்றது. புத்தகம் வாங்க வசதியற்றவரும் எழுத்தறியாதவரும் அக்காலக் கூட்டங்களில் நிறைந்திருந்தமையால், திரும்பத் திரும்ப வரும் எளிய பல்லவிகளையுடைய பாடல்கள் அங்கே தழைத்தன. எழுத்தறிந்தோர்க்கும் சங்கீதக் குறியீடு புரியாத நிலையில், ஊர் ஊராய்ச் சென்று பாட்டுப் பள்ளி நடத்திய ஆசிரியர்கள், ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு வடிவத்தைக் கொடுத்தார்கள்: பா என்னும் சுரத்திற்கு முக்கோணம், சோலுக்கு வட்டம், லாவுக்குச் சதுரம், மீக்குச் சாய்சதுரம். 1844-இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த பெஞ்சமின் ஒயிட், எலிஷா கிங் இருவரும் வெளியிட்ட ‘தி சேக்ரட் ஹார்ப்’ என்னும் பாட்டுப் புத்தகம் இந்த முறையில் அமைந்தது. இன்றளவும் வழக்கில் உள்ளது. நான்கு குரலினரும் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களாக ஒருவரையொருவர் நோக்கி அமர்வார்கள். நடுவிலுள்ள வெற்றிடத்தில் பாட்டை எடுத்துக்கொடுப்பவர் நின்று கையசைப்பார். நம் பாட்டு வாத்தியார்கள் கீதத்திற்கு முதலில் சுரத்தைப் பாடுவித்துப் பின்னர்ச் சாகித்தியத்தைப் பாடுவிப்பதுபோல, அவர்களும் முதலில் சுரப்பெயர்களை மட்டும் பாடி, அதன்பின்னரே சொற்களுக்கு வருவார்கள். வாத்தியம் கிடையாது. கேட்பதற்கென்று ஒரு சபையும் கிடையாது. வந்தவர் எல்லாரும் பாடுபவர்களே. முரட்டுத்தனமான, உரத்த, அழகுபடுத்தப் பெறாத அந்த ஓசை, முதன்முறை கேட்பவர்க்குக் கூச்சலாகத் தோன்றக்கூடும்; சிறிது நேரம் பொறுத்துக் கேட்பவர்க்கு, தேவனுக்கும் தமக்கும் இடையே இனிமையை ஒரு திரையாக இட்டுக்கொள்ள விரும்பாதவர்களின் குரல் அது என்பது புலப்படும்.

பிறகு பதிப்பாளர்கள் வந்தார்கள். ஜேம்ஸ் வாகன் என்பவர் டென்னசியில் லாரன்ஸ்பர்க் என்ற ஊரிலிருந்து, தம் பாட்டுப் புத்தகங்களை விற்பதற்காகவே 1910-இல் நால்வர் குழுவொன்றை ஊதியம் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். அத்தகைய நிறுவனமொன்றின் பாட்டுப் பள்ளியிற் பயின்ற ஆல்பர்ட் பிரம்லி, ஒக்லகோமாவின் பருத்திக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது, சிறைக் கைதியின் புலம்பலாக அமைந்த பழம்பாட்டு ஒன்றை முணுமுணுத்ததிலிருந்து 1929-இல் ‘ஐல் ஃபிளை அவே’ என்ற பாடலைக் கட்டத் தொடங்கினார். 1932-இல் அது அச்சேறியது. உடலைச் சிறையாகவும் மரணத்தை விடுதலையாகவும் பாவிக்கும் கருத்து நமக்குப் புதிதன்று. அக்கருத்து அங்கே முதுகு வளைந்து பருத்தி பறிப்பவனுடைய வாயில் பிறந்தது என்பதை மறவாமல் அப்பாடலைக் கேட்கவேண்டும்.

1927-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தின் சார்பில் ரால்ஃப் பியர் என்பவர், டென்னசியும் வர்ஜீனியாவும் சந்திக்கும் பிரிஸ்டல் நகரில் ஒலிப்பதிவுக் கருவிகளை நிறுவி, மலைநாட்டுப் பாடகர்களை வரவழைத்தார். கார்ட்டர் குடும்பத்தினர் என்று பின்னர்ப் பெயர்பெற்ற ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, மேபெல் ஆகிய மூவரும் அங்கேதான் முதன்முதலாகப் பாடிப் பதிந்தனர். இவர்களுடைய கைவண்ணத்தை விளக்க ஓர் உதாரணம் போதும். 1907-இல் ஏடா ஹாபர்ஷன் சொல் இயற்றவும், சார்லஸ் கேப்ரியல் இசையமைக்கவும் வெளிவந்த ஞானப்பாட்டு ஒன்று, பிரிந்துபோன உற்றார் பரலோகத்தில் மீண்டும் ஒன்றுசேர்வார்களா என்று பொதுப்படக் கேட்கிறது. கார்ட்டர் குடும்பத்தினர் 1935-இல் பதிவுசெய்த வடிவத்தில் அந்தப் பல்லவியின் சாயல் மாத்திரம் நிற்க, சரணங்கள் முற்றும் மாறிவிட்டன: மேகம் மூடிய ஒரு நாளில், தாயின் உடலைச் சுமந்துசெல்ல வண்டி வருவதை மகன் சன்னல் வழியே காண்கிறான், வண்டியோட்டியிடம் மன்றாடுகிறான், அடக்கம் முடிந்து வெறும் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். வேதசாஸ்திரக் கொள்கையாக நின்ற ஒன்று, ஒரு வீட்டின் சன்னலும் ஒரு வண்டியும் ஒரு மகனின் துக்கமுமாக மாறிய அந்த இடத்தில்தான் கன்ட்ரி இசையின் பக்தி மரபு தனக்குரிய குரலைக் கண்டுகொண்டது என்று நான் கருதுகிறேன். குடும்பம் பிரியாமல் ஒன்றுகூடுவதைப் பாடிய ஏ. பி. கார்ட்டரும் சாராவும் தம் வாழ்வில் பிரிந்து, மணவிலக்குப் பெற்று, அதன்பின்னரும் சில ஆண்டுகள் ஒரே குழுவில் நின்று பாடினார்கள் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

இனி, ஹாங்க் வில்லியம்ஸைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன். 1923-இல் அலபாமா மாநிலத்தில் மவுண்ட் ஆலிவ் என்ற சிற்றூரில் பிறந்தவர். தாய் பாப்டிஸ்டு ஆலயத்தில் ஆர்கன் வாசிக்க, அவர் அருகே அமர்ந்து பாட்டுக் கேட்டு வளர்ந்தவர். முதுகெலும்பில் பிறவியிலேயே குறையிருந்தமையால் நோவும், நோவை மறக்கக் குடியும், பின்னர் மருந்துகளும் அவரை ஆயுள் முழுவதும் விட்டு நீங்கவில்லை. 1947-இல் அவர் பாடிப் பதிந்து மறு ஆண்டில் வெளியான ‘ஐ சா தி லைட்’ என்னும் பாடல், இருளில் அலைந்து திரிந்தவன் ஒளியைக் கண்டு ஆனந்திப்பதைப் பாடுகிறது. மெட்டு, நாம் முன்னர்க் கண்ட பிரம்லியின் பாடல் ஒன்றை ஒத்தது. இரவில் நடனக் கச்சேரி முடிந்து திரும்புகையில், மான்ட்கமரி விமான நிலையத்து விளக்குகளைக் கண்டு, வீடு நெருங்கிவிட்டதென்று தாய் சொன்ன சொல்லிலிருந்து அப்பாடல் பிறந்ததாகச் சொல்வார்கள். குடித்துச் சோர்ந்து வண்டியில் கிடந்தவனுக்குத் தூரத்து விளக்கே இரட்சிப்பின் உருவகமாயிற்று என்றால் அதில் அவமதிப்பு ஏதுமில்லை. இருட்டைக் கண்கூடாக அறிந்தவனாதலின் அவனுக்கு ஒளியும் கண்கூடாகத் தேவைப்பட்டது.

அவருடைய கடைசி ஆண்டில் நிகழ்ந்ததாக, ஆப்ரி மேடையின் நகைச்சுவைக் கலைஞர் மின்னி பேர்ல் பிற்காலத்தில் சொன்ன செய்தி ஒன்றுண்டு. மேடையேற இயலாத நிலையிலிருந்த ஹாங்க் வில்லியம்ஸைத் தெளிவிப்பதற்காகச் சிலர் காரில் ஏற்றிக்கொண்டு நகரைச் சுற்றிவந்தனர். அவர் மனத்தைத் திருப்ப, அவருடைய அந்தப் பாடலையே பாடத் தொடங்கினர். அவரும் சிறிது பாடிவிட்டு நிறுத்தி, தமக்கு ஒளி ஏதும் தெரியவில்லையென்று சொன்னாராம். இதனைக் கேட்ட பலர், அவர் பாடியது வெறும் வேஷம் என்று முடிவுகட்டினர். அம்முடிவை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஒளி தெரியாத வேளையில் ஒளி தெரியவில்லையென்று சொன்ன நாவே, ஒளியைப் பாடியபோதும் பொய் சொல்லியிராது. சங்கீதங்களின் புத்தகத்தில், தேவனே ஏன் தூரமாய் நிற்கிறீர் என்று கதறும் பக்தனை நாம் பாஷாண்டி என்று தள்ளுவதில்லையே!

1953-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில், ஒஹையோவின் கான்டன் நகரக் கச்சேரிக்குச் செல்லும் வழியில், காரின் பின்னிருக்கையிலேயே அவர் உயிர் நீங்கியது. வயது இருபத்தொன்பது. கான்டன் அரங்கில் கூடியிருந்தவர்களுக்கு மரணச்செய்தி அறிவிக்கப்பட்டபோது, வராமைக்குச் சொல்லும் வழக்கமான சாக்கு என்றெண்ணிச் சிலர் சிரித்தனர். திரைக்குப் பின்னிருந்து சக கலைஞர்கள் அந்தப் பாடலைத் தொடங்கியபோதுதான் உண்மை விளங்கி, அரங்கமும் சேர்ந்து பாடியது. மூன்று நாட்களுக்குப் பின் மான்ட்கமரியில் நடந்த அடக்க ஆராதனையில் ராய் ஏகஃப் அதே பாடலைப் பாட, ரெட் ஃபோலி ‘பீஸ் இன் தி வேலி’யைப் பாடினார். கறுப்பினப் பாடகர் குழுவொன்றும் அங்கே பாடிற்று. துக்கங்கொண்டாட வந்த கறுப்பின மக்களுக்கோ, அக்காலச் சட்டப்படி, மேல்மாடத்திலேதான் இடம்.

இந்த இடத்தில் நின்று ஒரு குறையைச் சொல்லாமல் நான் மேற்செல்லக்கூடாது. ரெட் ஃபோலி அன்று பாடிய பாடலை இயற்றியவர் தாமஸ் டார்சி என்னும் கறுப்பினக் கலைஞர். ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் புளூஸ் பியானோ வாசித்து, கொச்சைப் பாடல்களையும் இயற்றிப் பெயர்பெற்றிருந்தவர். 1932-இல் வெளியூர் சென்றிருந்த சமயத்தில் பிரசவத்தில் மனைவியையும், உடனே குழந்தையையும் இழந்து, அத்துயரத்திலிருந்து ‘பிரெஷஸ் லார்டு’ என்ற பாடலை எழுப்பியவர். ‘பீஸ் இன் தி வேலி’ பின்னர் அவர் பாடகி மஹேலியா ஜாக்சனுக்காக எழுதியது. ரெட் ஃபோலி அதனை 1951-இல் பதிவுசெய்ய, வெள்ளையர் வீடுகளிலெல்லாம் அது ஒலித்தது. ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராய்ப் பாட்டுச் சேகரித்தபோது உடன் சென்று மெட்டுகளை நினைவில் நிறுத்திக்கொடுத்தவர் லெஸ்லி ரிடில், ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கித்தார் கற்பித்தவர் ரூஃபஸ் பெய்ன் என்னும் தெருப் பாடகர், இருவரும் கறுப்பினத்தவரே. பாட்டை வாங்கிக்கொண்ட கைகள் பாட்டைக் கொடுத்தவர்களோடு ஒரே பலகையில் அமர மறுத்தன. தன் குடியையும் தன் காமத்தையும் அஞ்சாது அறிக்கையிட்ட அவ்விசை, தன் சமூகத்தின் பாவத்தை அறிக்கையிட வாய் திறக்கவில்லை. பரலோகத்தில் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை, இங்கே சரிசெய்யவேண்டியதைக் காணாமலிருக்க வசதியாயிற்று என்ற குற்றச்சாட்டில் பெரும்பகுதி நியாயமானது.

தனிமனிதனுடைய உள்ளத்தைப் பற்றியவரையில் அவ்விசை எத்துணை ஆழத்திற்குச் சென்றது என்பதை லூவின் சகோதரர்களிடம் காண்கிறோம். அலபாமாவின் சாண்ட் மலைப்பகுதியில், சேக்ரட் ஹார்ப் பாட்டு வழங்கிவந்த சூழலில் வளர்ந்த ஐரா, சார்லி என்னும் இவ்விருவரும் பாடும்போது, கீழ்க்குரலில் சார்லி பாட்டை நடத்த, அதற்கு மேலே உச்சக்குரலில் ஐரா ஒட்டியே செல்வார்; சிலவேளை ஒரே வரியின் நடுவில் இருவரும் தம் இடங்களை மாற்றிக்கொள்வர்; எது எவர் குரலென்று கேட்பவருக்குப் பிரித்தறிய இயலாது. 1959-இல் வெளிவந்த ‘சேட்டன் இஸ் ரியல்’ என்னும் இசைத்தட்டின் மேலுறை மிகவும் பிரசித்தம். ஐரா தாமே பலகையால் பேருருவாகச் செய்த சாத்தான் பின்னே நிற்க, கல் குவாரி ஒன்றில் மண்ணெண்ணெயில் தோய்த்த டயர்கள் எரிய, வெண்ணிற உடையணிந்த சகோதரர் இருவரும் கைகளை விரித்துக்கொண்டு நடுவில் நிற்கிறார்கள். இக்காலத்தவர் சிலர் அப்படத்தைக் கண்டு நகைக்கின்றனர். அதன் முதற்பாட்டைக் கேட்டவர் நகைக்கமாட்டார். தேவன் மெய்யானவர் என்று போதகர் பிரசங்கம் செய்கையில், சபையின் கடைசியிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்து, சாத்தானும் மெய்தான் என்று சாட்சி சொல்லுகிறார். தாம் அன்போடு நேசிக்கப்பெற்ற குடும்பத் தலைவராயிருந்து, எல்லாவற்றையும் இழந்த கதையைச் சொல்லுகிறார். அந்தப் பேச்சுப் பகுதியில் இசை பின்னால் மெல்ல ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஐரா அந்த முதியவரைத் தமக்குள்ளேயே சுமந்திருந்தார். போதகராவதற்குத் தமக்கு அழைப்பு இருந்ததென்றும் அதற்குத் தாம் கீழ்ப்படியவில்லையென்றும் நம்பியவர். குடித்தபின் மேடையிலேயே மாண்டலினை உடைத்தெறியும் சீற்றம் உடையவர். குடியும் கோபமும் முற்றி 1963-இல் சகோதரர்கள் பிரிய நேர்ந்தது. 1965 ஜூன் மாதம் மிசௌரியில் நெடுஞ்சாலையொன்றில், குடித்துவிட்டு வண்டியோட்டிய வேறொருவரின் கார் மோதி ஐராவும் அவர் மனைவியும் மாண்டனர். சாத்தான் மெய்தான் என்று அவர் பாடியபோது, அது அவருக்கு ஒரு கோட்பாடாக இருக்கவில்லை. அன்றாடம் தோளோடு தோளாக உடன் நடந்த ஒன்றைப் பெயர் சொல்லி அழைத்ததேயாகும். அண்ணனின் குரல் இருந்த இடத்தை வெறுமையாக விட்டு, சார்லி அதன்பின் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் தனித்துப் பாடினார்.

ஜானி காஷைப் பற்றிப் பலர் அறிந்திருப்பீர்கள். ஆர்கன்சாவின் டைஸ் குடியிருப்பில் பருத்திக் குடியானவரின் மகனாக வளர்ந்தவர். போதகராக விரும்பிய அவர் அண்ணன் ஜாக், 1944-இல் மரமறுக்கும் எந்திரத்தில் சிக்கி இறந்த துயரம் அவரை விட்டு நீங்கவேயில்லை. மெம்பிஸ் நகரத்துச் சன் இசைத்தட்டு நிறுவனம் பக்திப் பாடல்களை விற்க முடியாதென்று தயங்கியமையால், கொலம்பியா நிறுவனத்திற்கு மாறியபின் 1959-இல்தான் தம் ஞானப்பாட்டுத் தொகுதியை வெளியிட்டார். 1968 ஜனவரி 13-ஆம் நாள் கலிபோர்னியாவின் ஃபால்சம் சிறையில் அவர் பாடிய கச்சேரியின் இறுதிப் பாடல், அச்சிறையின் சிற்றாலயத்தைப் பற்றியது; இயற்றியவர் கிளென் ஷெர்லி என்னும் கைதி. முந்தின நாள் கையில் கிடைத்த ஒலிநாடாவைக் கேட்டு, ஒரே இரவில் அப்பாடலைக் காஷ் கற்றுக்கொண்டார். முன்வரிசையில் அமர்ந்திருந்த ஷெர்லிக்கு அது முன்னறிவிப்பின்றி வந்த வியப்பு. கொள்ளைக் குற்றத்திற்காகச் சிறைப்பட்டவனின் ஞானப்பாட்டைச் சக கைதிகள் ஆரவாரித்து வரவேற்றதைப் பதிவிலேயே கேட்கலாம்.

ஜிம் ரீவ்ஸின் மென்குரலை இலங்கையிலும் இந்தியாவிலும் நெடுங்காலம் மக்கள் விரும்பிக் கேட்டதுண்டு. 1964-இல் விமான விபத்தில் மறைந்த அவருடைய பக்திப் பாடல்கள் வாயிலாகவே இவ்விசை நம்மவர்க்கு அறிமுகமாயிற்று. அக்குரல் இனியது, சமாதானம் நிறைந்தது. அதை மட்டுமே அறிந்தவர்கள், ஐரா லூவினுடைய உச்சக்குரலையும் கேட்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அதன்பின், ஜானி காஷ் மறைந்த மறு ஆண்டாகிய 2004-இல் வெளிவந்த ‘மை மதர்ஸ் ஹிம்ன் புக்’ என்ற தொகுதியைக் கேளுங்கள். தாயார் வைத்திருந்த பழைய பாட்டுப் புத்தகத்தினின்று தேர்ந்த பாடல்களை, வேறு துணையின்றித் தம் கித்தார் ஒன்றை மட்டும் மீட்டிப் பாடியிருக்கிறார். முதுமையால் சிற்சில இடங்களில் மூச்சு இழுக்கிறது, சுரம் தளர்கிறது, எவரும் அதைத் திருத்த முற்படவில்லை. தாம் செய்த தொகுதிகள் அனைத்திலும் தமக்கு மிகவும் உகந்தது அதுவே என்று அவர் சொல்லியிருக்கிறார். இசைத்தட்டைக் கேட்டால் காரணம் விளங்கும்.